மின்சாரம் நின்றபின் பேசும் கோபுரம்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் வேதாரண்யத்தையொட்டிக் கரையேறிய கஜா புயல், டெல்டா ஜில்லாக்களின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களை வீழ்த்திச் சென்ற அந்த நாட்களில், ஊரிலுள்ள தாய் தந்தையரின் க்ஷேமத்தை அறியத் தவித்தவர்களுக்குக் கைப்பேசியினால் யாதொரு பிரயோஜனமும் இல்லாமற் போயிற்று. கோபுரங்கள் காற்றில் முறிந்ததே காரணம் என்று எண்ணுவது இயல்பு. ஆயினும், ஒரு சேதமுமின்றி நிமிர்ந்து நின்ற கோபுரங்கள் பலவும், ஊட்டுவதற்கு மின்சாரம் இல்லாமையால் ஊமையாயின.

ஆஸ்திரேலியாவில் 2019–20 கோடையில் மூண்ட பெருங்காட்டுத்தீக்குப் பிறகு அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் நடத்திய ஆராய்ச்சி இதற்குச் சிறந்த பிரமாணமாகும். தொடர்பு அறுந்த சம்பவங்களில் நூற்றுக்கு 88 மின்விநியோகம் தடைப்பட்டதால் நேர்ந்தவை. நெருப்பு நேராகத் தீண்டியதால் நேர்ந்தவையோ நூற்றுக்கு ஒன்றுதான்.

மின்சாரம் நின்றதும் கோபுரத்தை முதலில் தாங்குவது பாட்டரி. அது தீர்ந்தால் டீசல் ஜெனரேட்டர். சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடக்கையில் டீசல் வண்டி வருவதேது? ஆகவே, நான்கு மணி நேரம் தாங்கும் பாட்டரி, கோபுரத்தின் மின்செலவு பாதியாகக் குறைந்தால் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்கும் என்ற எளிய கணக்கை நினைவில் வைப்போமானால், சக்தியைச் சிக்கனம் செய்வதும் ஆபத்துக் காலத்தில் தொடர்பைக் காப்பதும் ஒரே காரியம் என்பது விளங்கும்.

அந்தச் செலவு எங்கே போகிறது? பெரும்பகுதியை விழுங்குவது அலைகளுக்கு வலுவூட்டி அனுப்பும் பெருக்கி என்னும் சாதனம். பழைய பெருக்கிகள் தாம் பெற்ற சக்தியில் பெரும்பங்கை வெறும் உஷ்ணமாகவே கழித்தன. 1936இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் வில்லியம் டோஹர்ட்டி என்பவர், சாதாரண வேளைகளில் ஒரு பெருக்கி மட்டும் உழைக்க, அலை உச்சத்தை எட்டும் கணங்களில் மட்டும் இன்னொன்று துணைக்கு வரும்படி ஓர் ஏற்பாட்டை வகுத்தார். வானொலி நிலையங்களுக்காகப் பிறந்த அந்த யுக்தி இன்று கைப்பேசிக் கோபுரங்களில் பணிபுரிகிறது என்பதை வானொலி வாயிலாகவே சொல்ல நேர்ந்ததில் எனக்கு விசேஷ சந்தோஷம்.

நள்ளிரவில் ஊரெல்லாம் உறங்கும்போதும் 4ஜி நிலையம் மில்லிவினாடிதோறும் தன் அடையாள சமிக்ஞையை அனுப்பியே தீரவேண்டும். 5ஜியிலோ அத்தகைய சமிக்ஞைகளுக்கிடையே பொதுவாக 20 மில்லிவினாடி அவகாசம் உண்டாகையால், யந்திரத்தின் பாகங்கள் இடையிடையே ஓய்வெடுக்க முடிகிறது. குளிர்சாதனத்தின் செலவு இன்னொரு பக்கம். ஈயப் பாட்டரியின் ஆயுள், ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரி உஷ்ணத்துக்கும் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதைக் காக்கவே பல இடங்களில் அறை முழுவதையும் குளிரூட்டுகிறோம். உஷ்ணத்தை இதைவிட நன்கு தாங்கும் லித்தியம் பாட்டரிகளுக்கு மாறுவது, வருஷந்தோறும் கோடை கடுமையாகிவரும் நம் நாட்டில் இனியும் தள்ளிப்போடத் தக்கதன்று.

2012இல் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை, கிராமக் கோபுரங்களில் பாதியும் நகரக் கோபுரங்களில் ஐந்தில் ஒரு பங்கும் 2015க்குள் சூரிய சக்தி முதலியவற்றின் துணையோடு இயங்கவேண்டும் என்று ஆணையிட்டது. டீசல் புகையைக் குறைப்பதே அதன் பிரதான நோக்கம். ஆனால் வேதாரண்யம் போன்ற கரையோரத் தாலுகாக்களில், புயற்காற்றுக்கு அசையாதபடி பிணைத்த சூரியத் தகடுகள், சாலை துண்டிக்கப்பட்ட ஊரிலும் மறுநாள் வெயில் தலைகாட்டியதும் பாட்டரியை நிரப்பத் தொடங்கிவிடும். ஆகையால் அங்கே தகட்டின் விலையை டீசலின் விலையோடு மட்டும் ஒப்பிட்டு லாப நஷ்டம் பார்க்கும் நிறுவனத்தார், வீட்டில் பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணுக்கு ஆம்புலன்ஸை அழைக்க முடியாமற் போகும் ஓரிரவையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.