தனியாகக் கயிறேறுபவருக்கு யார் துணை?



மலேசியாவில் நம் பந்திங் ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள்தாம். குன்று என்று காட்ட ஜூக்ரா ஒன்று உண்டு. பாறையேறும் ஆசை வந்த பிள்ளைகள் பத்துமலைக்குத்தான் வண்டியை விடுகிறார்கள். முருகனைக் காண நாம் 272 படி ஏறும் அதே சுண்ணாம்புக் குன்றின் வேறொரு பக்கம், டாமாய் பகுதியில், பாறையில் போல்ட் அடித்த ஏறுதடங்கள் நிறைய இருக்கின்றன.

வழக்கமாக ஒருவர் ஏறுவார், மற்றவர் கீழே நின்று கயிறு பிடிப்பார். அந்த இரண்டாமவர் இல்லாமல், இடுப்புக் கச்சையில் மாட்டிய ஒரு பிடிகருவியை நம்பித் தமக்குத் தாமே கயிறு பிடித்து ஏறுவோரும் உண்டு. கயிறே இல்லாமல் ஏறும் சாகசம் வேறு, இது வேறு. 2016-இல் பிரிட்டனின் பீட் விட்டேக்கர் அமெரிக்காவின் எல் கேப்பிட்டனை, ஏறத்தாழ 900 மீட்டர் பாறையை, இந்த முறையில் ஒரே நாளுக்குள் ஏறி முடித்தார். நுட்பமும் பொறுமையும் கூடிய கலை இது. நான் இதை மதிக்கிறேன். மதிப்பதால்தான் இதன் விபத்துகளைப் பற்றிப் பேச வந்தேன்.

1989-இல், பிரான்சின் பியூ என்ற இடத்தில், உலகப் புகழ்பெற்ற பாறையேறு வீராங்கனை லின் ஹில் கயிற்று முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஏறினார். உச்சியில் கயிற்றில் சாய்ந்ததும் அது நழுவியது. விழுந்த உயரம் 20 மீட்டருக்கு மேல், நம் பத்துமலை முருகன் சிலையில் ஏறத்தாழப் பாதி. மரம் தாங்கியதால் பிழைத்தார். அன்று அவருக்குக் கீழே கயிறு பிடிக்க ஆள் இருந்தார். அப்படியும் ஒரு முடிச்சு கண்ணுக்குத் தப்பியது என்றால், தனியாக ஏறுபவரின் முடிச்சை யார் பார்ப்பது?

2025 அக்டோபரில் எல் கேப்பிட்டனில் பாலின் மில்லர் என்ற 23 வயது இளைஞர் இறந்தார். தனியாகக் கயிறு கட்டிக் கடினமான ஏற்றத்தை முடித்தாயிற்று. சிக்கிக்கொண்ட மூட்டையை விடுவிக்க இறங்கியபோது கயிற்றின் முனையைத் தாண்டிவிட்டார் என்றே செய்திகள் கூறின. கயிற்று முனையில் ஒரு முடிச்சு இருந்தால் கருவி அங்கே தடைப்பட்டு நின்றிருக்கும். களைப்பும் 'முடிந்துவிட்டது' என்ற நிம்மதியும் சேரும் நேரமே ஆபத்தான நேரம்.

கருவிகளிலும் இப்படிச் சிறு பிசகே ஆபத்தாகும். மேலே கட்டிய கயிற்றில் ஏறும்போது, சட்டைத் துணியோ பை வாரோ கருவியின் பல்லுக்கும் கயிற்றுக்கும் நடுவே புகுந்தால், அது கயிற்றைப் பிடிக்காமல் வழுக்கும். அதனால்தான் ஏறுகருவிகள் தயாரிக்கும் பெட்சல் நிறுவனம் ஒரே கருவியை நம்பாமல் இரண்டு மாட்டச் சொல்கிறது. கீழிருந்து முன்னேறுபவருக்கு இன்னொரு தொல்லை: உயரம் கூடக் கூடக் கயிற்றின் எடையே அதைக் கருவி வழியாகக் கீழே இழுத்து, தளர்வைப் பெருக்கிவிடும். இடையிடையே காப்பு முடிச்சு போடாதவர் நினைத்ததைவிட வெகுதூரம் விழுவார். சுண்ணாம்புப் பாறையின் கூரிய விளிம்பில் கயிறு உரசுவது தனிக் கவலை.

இவை எல்லாம் நமக்கு எப்படித் தெரிய வந்தன? யாரோ எழுதி வைத்தார்கள். அமெரிக்க ஆல்பைன் கழகம் 1948 முதல் ஆண்டுதோறும் ஏறுவிபத்துகளைத் தொகுத்து வெளியிடுகிறது. நடந்தது என்ன, எங்கே தவறியது, எப்படித் தவிர்த்திருக்கலாம் என்று விளக்குகிறது. விழுந்தவரைப் பழிப்பது அதன் வேலையில்லை. தனியாக ஏறுபவருக்குக் கிடைக்கக்கூடிய இரண்டாவது கண் அதுதான்.

நம்மிடம் அந்தப் பழக்கம் வளர வேண்டும். விழுந்தவர் வெட்கப்படுகிறார், வீட்டார் திட்டுவார்கள் என்று மறைக்கிறார். அதே தவற்றை அடுத்த பிள்ளையும் செய்கிறான்.

பத்துமலையில் ஏறும் தம்பி தங்கைகளே, உயிர் தப்பிய ஒவ்வொரு சம்பவத்தையும் நாள், இடம், கருவி, முடிச்சு விவரத்தோடு தமிழிலேயே எழுதி, உங்கள் குழுவில் எல்லாரும் படிக்க வையுங்கள். தனியாகப் போகும் நாளில் எந்தப் பாறை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்கள் வராவிட்டால் அவர் அழைக்க வேண்டிய எண் 999.