கண்ணுக்கு ஏற்றம், சக்கரத்திற்கு இறக்கம்



ரயில் என்ஜின் ஓட்டக் கற்பவர்களுக்கு இந்நாளில் மாதிரி அறையிலும் பயிற்சி அளிக்கப்படுகிறது. ‘சிமுலேட்டர்’ என்பது அதன் பெயர். என்ஜினில் உள்ள கைப்பிடிகளும் வேகமானியும் அங்கே உண்டு. கண்ணாடிக்கு அப்பால் இருப்பது மட்டும் திரை. அதில் தண்டவாளமும் மரங்களும் குன்றுகளும் நம்மை நோக்கி ஓடி வருகின்றன. சில இடங்களில் எதிரே பாதை மேடேறுவது போலத் தோன்றும். விசையைக் கூட்டாமலே வேகமானியின் முள்ளும் உயரும். படம் பிழையா, முள் பிழையா? இரண்டும் சரியாகவே இருக்கலாம். ஏமாறுவது நம் கண்.

ரயில் பாதையின் சரிவு மிகச் சிறியது. 100க்கு 1 என்றால், 100 மீட்டர் சென்றபின் 1 மீட்டர் உயர்வு; கோணத்தில் அரைப் பாகைக்குச் சற்றே மிகுதி. மும்பையிலிருந்து சென்னைக்கு வரும் நம்மவர் கர்ஜத்தைத் தாண்டி ஏறும் ‘போர் காட்’ மலைப்பாதையில், உதவி என்ஜின்கள் பூட்டித் தள்ள வேண்டிய ஏற்றமே 37க்கு 1தான். அதாவது ஒன்றரைப் பாகை. இத்துணைச் சிறு சாய்வைக் கண் தனித்து அளக்க வல்லதன்று. அக்கம்பக்கத்தைச் சாட்சிக்கு அழைத்தே அது தீர்ப்புக் கூறுகிறது. தொடுவானம் சமமட்டத்திற்குச் சாட்சி. அதனை மலை மறைத்துவிட்டால் அச்சாட்சி இல்லை. செங்குத்தான இறக்கத்தை அடுத்து மெல்லிய இறக்கம் வந்தால், பின்னது ஏற்றமாகவே தோன்றிவிடும்.

ஸ்காட்லாந்தில் ‘எலெக்ட்ரிக் பிரே’ என்றொரு சாலை உண்டு. அங்கே 86க்கு 1 என்ற ஏற்றம், சுற்றியுள்ள நிலத்தின் அமைப்பால் இறக்கமாகத் தெரிகிறது. மின்சாரமே வண்டிகளை இழுக்கிறதென்று ஒருகாலத்தில் எண்ணியதால் வந்த பெயர் அது. லடாக்கில் லே நகரை அடுத்துள்ள ‘காந்த மலை’யும் இவ்வகையினதே. இத்தாலிய ஆய்வாளர் பாவோலா பிரெஸ்ஸானும் அவருடைய தோழர்களும் மேசைமேல் மாதிரிச் சாலைகள் அமைத்து இம்மயக்கத்தை அப்படியே உண்டாக்கிக் காட்டி, 2003இல் அதனை வெளியிட்டார்கள். காந்தமும் வேண்டியிருக்கவில்லை, மின்சாரமும் வேண்டியிருக்கவில்லை. பலகைகளின் சாய்வே போதுமானதாயிற்று.

வண்டியின் உள்ளே அமர்ந்திருப்போரின் மயக்கம் வேறு வகை. ஹாங்காங்கில் 1888 முதல் இயங்கும் மலை ரயிலில் ஏறிச் செல்வோருக்கு, வெளியே நேராக நிற்கும் மாடமாளிகைகள் மலையுச்சிப் பக்கமாகச் சாய்ந்திருப்பனபோலத் தெரிகின்றன. சாய்ந்திருப்பது வண்டி, கண்ணோ வண்டியின் சன்னல் சட்டத்தையே நேரெனக் கொண்டு, கட்டிடத்தின்மேல் பழி போடுகிறது.

இவற்றை வேடிக்கை என்று ஒதுக்கிவிடலாகாது. 2024 பிப்ரவரி 25ஆம் நாள், ஜம்முவைச் சேர்ந்த கதுவா நிலையத்தில் நின்றிருந்த சரக்கு ரயில் ஓட்டுநர் இல்லாமலே புறப்பட்டு, சரிவின் வழியே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடிப் பஞ்சாபில் நிறுத்தப்பட்டது. நல்வினைப் பயனால் உயிர்ச்சேதம் இல்லை. நம் கண் பொருட்படுத்தாத சரிவையும் இரும்புச் சக்கரம் மறப்பதில்லை.

ஆகவே பயிற்சித் திரைக்குக் காட்சி அமைப்போரின் பொறுப்புப் பெரிது. மெய்யான பாதையில் உள்ள மயக்கம் திரையிலும் இருக்கட்டும். மாணவர் அதனை அங்கேயே சந்தித்துப் பழகுவது நலம். பாதையில் இல்லாத மயக்கத்தைத் திரை புதிதாய்ப் படைக்கலாகாது. அழகுக்கென்று தொடுவானத்தை மறைப்பதும், கம்பங்களையும் வீட்டுச் சுவர்களையும் குன்றோடு சேர்த்துச் சாய்ப்பதும், குளத்து நீரைச் சரித்து வரைவதும் சாட்சிகளைக் கலைப்பதற்கு ஒப்பாகும். மேலும், அசையாத நாற்காலியில் அமர்ந்து கற்பவருக்கு உடலின் உணர்வும் துணை வாராது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முதுமொழி. ரயில் பாதையைத் தீர விசாரித்தவர், மட்டக்கருவி கொண்டு அளந்த பொறியாளர். அவர் கண்ட முடிவைப் பாதையோரத்துச் சிறு கம்பங்களில் எண்ணாகப் பொறித்திருக்கிறார்கள். அடுத்த முறை ஊருக்குப் பயணப்படும்போது அக்கம்பங்களை நாமும் நோக்குவோம். வெளியே குன்று எதைச் சொன்னாலும், என்ஜின் ஓட்டுநர் நம்புவது அந்த எண்ணையே. நம் பயணம் நலமாய் முடிவதும் அந்த நம்பிக்கையினாலேயே.