சராசரிக்குள் மறையும் குழந்தைகள்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலையை நீங்கள் நிலப்படத்தில் கண்டிருப்பீர்கள். வானநூலில் ஆர்வமுள்ள மாணவர்கள் அம்மலையிலுள்ள காவலூரையும் அறிவர். 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்று 1986-ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பெற்றது. எட்டாத் தொலைவிலுள்ள விண்மீனின் ஒளியையும் அளந்து குறித்துவைக்கும் இடம் அது. அதே மலையில் சாமையும் கேழ்வரகும் விளைவித்து வாழும் பழங்குடி மக்களின் குழந்தைகள் எவ்வாறு இருக்கிறார்கள் என்பதை நாம் எப்படி அளக்கிறோம்? அளந்து எதைக் காண்கிறோம்? எதைக் காணத் தவறுகிறோம்? இவற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் மாநிலம் முழுவதற்கும் உரிய கணக்கைப் பார்ப்போம். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் இந்த எண் 35.5. உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்பவர் நம் மாநிலத்தில் ஏறத்தாழ 19, நாட்டில் 35. இவற்றைப் படிக்கையில் நமக்குப் பெருமிதம் உண்டாவது இயல்பே.

ஆயினும் இன்னொரு கணக்கையும் உடன் வைத்துப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, எழுத்தறிவு பெற்றவர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர். நாட்டில் 73 பேர். இங்கும் நாம் முன்னே நிற்கிறோம். பழங்குடியினரை மட்டும் தனியே பிரித்தால் நிலைமை தலைகீழாகிறது. நாடு முழுவதிலும் பழங்குடியினரில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 59. தமிழ்நாட்டுப் பழங்குடியினரிலோ 54. முன்வரிசையில் நிற்கும் மாநிலத்தின் பழங்குடி மக்கள், நாட்டின் பழங்குடி மக்களுக்கும் பின்னே நிற்கின்றனர்.

இது எப்படி நம் கண்ணுக்குப் படாமற் போயிற்று? விடை எளிது. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பழங்குடியினர் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவினரே. அவர்கள் வாழ்ந்தாலும் தாழ்ந்தாலும் மாநிலச் சராசரி அசையாது. சராசரி பொய் சொல்லவில்லை. எனினும் முழு உண்மையையும் அது சொல்லவில்லை.

மாவட்டக் கணக்கைப் பார்த்தால் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நான் குறிப்பிட்ட ஆய்வில் தமிழ்நாட்டின் அன்றைய 32 மாவட்டங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 28,000 குடும்பங்களை விசாரித்தார்கள். ஒரு மாவட்டத்துக்கு 900 குடும்பங்கள்கூட வரவில்லை. ஜவ்வாது மலையோ இன்றைய திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்னும் மூன்று மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கிறது. மூன்றிலும் மலைமேல் வாழ்வோர் சிறுபான்மையினரே. அந்த 900 குடும்பங்களுள் மலைக் குடும்பங்கள் எத்தனை அகப்படும்? ஒரு சில அகப்படலாம். ஒன்றுமே அகப்படாமலும் போகலாம். இதற்காக ஆய்வைக் குறை கூறுதல் தகாது. கடலை அளக்கச் செய்த கயிற்றால் கிணற்றை அளக்க முற்படுவது நம்முடைய பிழையே.

கிணற்றை அளக்கும் கயிறு எது? அந்தந்த இடத்திலேயே, வீடு வீடாகச் சென்று எடுக்கும் கணக்குத்தான்.

இதன் ஆற்றலை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் சீபோம் ரௌண்ட்ரி என்னும் ஆங்கிலேயர். சாக்கலேட்டுத் தொழில் நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்த அவர், 1899-இல் தம் ஊராகிய யார்க் நகரில் தொழிலாளர் வீடுகள் அனைத்தையும் கணக்கெடுக்கச் செய்தார். அவ்வாறு எடுத்த குடும்பங்கள் 11,560. முடிவுகள் 1901-இல் நூலாக வெளிவந்தன. ஒரே நகரம், ஒரே தட்பவெப்பம். ஆயினும் மிக வறிய பகுதியில் ஆயிரம் குழந்தைகளில் 247 பேர் ஓராண்டுக்குள் மடிந்தனர். வேலைக்காரர் வைத்துக்கொள்ளும் வசதியுள்ள குடும்பங்களில் 94 பேர் மடிந்தனர். நகரம் முழுவதற்கும் ஒரே எண்ணைக் கூறியிருந்தால் இந்த வேற்றுமை வெளிப்பட்டிராது.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. அதனை மாணவர்களே நிகழ்த்தினர் என்பது உங்களுக்கு மகிழ்ச்சி தரும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ஆம் ஆண்டில் தம் மாணவர்களிடம் வினாத்தாள்களைக் கொடுத்து, சொந்தக் கிராமங்களைப் பற்றி எழுதிவரும்படி சொன்னார். 1918-இல் நூலாகிய அக்கட்டுரைகளுள் தூசி என்னும் கிராமத்தைப் பற்றியதும் ஒன்று. அந்தத் தூசியும், ஜவ்வாது மலையின் நடுவிலுள்ள ஜமுனாமரத்தூரும் இன்று ஒரே மாவட்டத்தில் அமைந்துள்ளன.

கணக்கு எடுப்பதோடு நில்லாமல், அதன்படிச் செயலாற்றிய முயற்சியும் நம்மிடம் உண்டு. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடையிட்டார்கள். எந்தக் குழந்தையின் எடை ஏறவில்லையோ அந்தக் குழந்தைக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். ஓர் ஏட்டில் எழுதிய எண் அடுத்த நாளே ஒரு பிடி உணவாக மாறிற்று. கணக்கின் பயன் இதுவே அன்றோ!

இனி என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு சிற்றூரின் அங்கன்வாடிக்கு நான் சென்றிருந்தேன். ஏட்டைத் திருத்தமாக வைத்திருந்தார் அங்கிருந்த பணியாளர். எடை குறைந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணி, வகுத்து, விழுக்காட்டைக் கண்டுபிடித்து, "நிலைமை நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா" என்றேன்.

அவர் சற்றுத் தயங்கினார். "வருகிற பிள்ளைகளைத்தானே ஐயா எடை போட முடியும்? ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைகள் மழைக்காலத்தில் வர மாட்டார்கள். சில பிள்ளைகளைத் தாய் தகப்பன் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகும்போது கூட்டிப்போய்விடுகிறார்கள். நீங்கள் போட்ட கணக்கில் அவர்கள் இல்லையே" என்றார்.

என் படிப்பு எனக்குச் சொல்லாததை அந்த அம்மையார் சொன்னார். ஓர் உதாரணம் கொள்வோம். ஓர் ஊரில் 40 குழந்தைகள். எடையிட வருபவர் 30. அவர்களுள் எடை குறைந்தவர் 6. நூற்றுக்கு 20 என்று எழுதிவிடுவோம். வராத பத்துப் பேரையும் தேடிச் சென்று எடையிட்டால், அவர்களுள் 6 பேர் எடை குறைந்தவர் என்று தெரியவருகிறது. இப்பொழுது ஊரின் கணக்கு நூற்றுக்கு 30. ஓடைக்கு அப்பால் மட்டுமோ நூற்றுக்கு 60! எவர் கணக்கில் சேரவில்லையோ அவரே பெரிதும் துன்புறுபவராக இருத்தல் கூடும்.

எண்ணுவதைப் போலவே அளவுகோலையும் ஆராய்ந்து தெரிந்தெடுக்க வேண்டும். "மருத்துவமனை இத்தனை கிலோமீட்டரில் உள்ளது" என்னும் குறிப்பு சமவெளிக்குப் பொருந்தும். மலையில் கேட்கவேண்டிய கேள்வி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எத்தனை மணி நேரம் நடக்க வேண்டும் என்பதே. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தைச் சேர்ந்த அல்லேரி மலைக்கிராமத்தில், 2023 மே மாதத்தில், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றைப் பாம்பு தீண்டிற்று. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே உயிர் பிரிந்தது. சாலை இன்மையால் ஆம்புலன்ஸ் மலையடியோடு நின்றுவிட, பெற்ற தாய் குழந்தையின் உடலைக் கைகளில் ஏந்தி மலைப்பாதையில் நடந்தார். நாடே அறிந்து வருந்திய நிகழ்ச்சி இது. எந்தெந்தச் சிற்றூருக்குச் சாலை இல்லை என்னும் பட்டியல் எழுதப்பட்டு, உரியவர் மேசையில் முன்னமே இருக்க வேண்டும்; ஒரு குழந்தை இறந்துதான் அது தெரியவரவேண்டும் என்பதில்லை.

இத்தகைய கணக்கில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. எந்தக் குழந்தையின் பெயரையும் பலர் அறிய வெளியிட்டு, அதன் குடும்பத்துக்குத் தலைகுனிவு உண்டாக்கலாகாது. அன்றியும், எண் தாழ்ந்திருப்பதைக் கண்டு அம்மக்களையே தாழ்ந்தவர் என்று முடிவு செய்யலாகாது. தாழ்ந்திருப்பது சாலை, தொலைவிலிருப்பது மருத்துவர், பெற்றோரை ஊர்விட்டு ஊர் துரத்துவது பிழைப்பு. எண்கள் காட்டுவது மக்களின் குறையை அன்று; அவர்களுக்கு நாம் செய்யத் தவறியதை.

மாணவர்களே, நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக நீங்கள் ஏதேனும் ஒரு கிராமத்துக்குச் செல்வீர்கள். அங்கே முதலில் வீடுகளை எண்ணுங்கள். பிறகு ஏட்டிலுள்ள குழந்தைகளை எண்ணுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு, எந்த வீட்டுக் குழந்தை ஏட்டில் இல்லை என்று பாருங்கள். கண்டதை அவ்வூர் மக்களிடமே முதலில் படித்துக் காட்டுங்கள். கிராம சபையில் அவர்கள் எழுந்து கேட்பதற்கு அது ஆதாரமாகும்.

அன்று அந்த அங்கன்வாடியிலிருந்து விடைபெறுமுன், என் குறிப்பேட்டில் எழுதியிருந்த விழுக்காட்டை அடித்துவிட்டு, "ஓடைக்கு அப்பால் எத்தனை பேர்?" என்று எழுதிக்கொண்டேன். நீங்கள் போகும் ஊரிலும் ஓர் ஓடை இருக்கும். அதைத் தாண்டிச் சென்று எண்ணுங்கள்.