கூட நிற்க ஒருவர்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மும்பை வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"இருபது நிமிஷம் பேசுங்கள், அதற்குள் இலை போட்டுவிடுவார்கள்" என்று காரியதரிசி சொல்லியிருக்கிறார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என்னைத் தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கம்பெனி சட்டம், வருமான வரி என்று எத்தனையோ இருக்கும்போது, விபத்துக் கேஸும் கிரிமினல் கேஸும் எதற்கப்பா?" உரிமையுள்ள மாமாக்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "திருடனுக்கெல்லாம் வாதாடறயாமே?" என்று கேட்பார்கள். அதற்கு இன்று கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் வக்கீல் யாரும் கிடையாது. பி.காம். முடித்துவிட்டு, வருமான வரி வழக்குகள் பார்க்கலாம் என்றுதான் சட்டம் படித்தேன். ஜூனியராகச் சேர இடம் கிடைத்தது மோட்டார் விபத்து வழக்குகள் நடத்தும் ஒரு சீனியரிடம். "உனக்குக் கணக்கு வருமா?" என்று மட்டும் கேட்டார். விபத்து நஷ்டஈடு பெரும்பாலும் கணக்குதான். அடிபட்டவரின் வயது, மாத வருமானம், ஊனத்தின் அளவு, வயதுக்கேற்ற மல்டிப்ளையர் என்று ஒரு முறை இருக்கிறது. 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த மல்டிப்ளையருக்கு ஒழுங்கான அட்டவணை கொடுத்தது.

2012-ல் எங்களிடம் ஒரு சமையல்காரர் வந்தார். வயது 44. கல்யாணங்களுக்குச் சமைப்பவர். லாரி மோதி வலது தோளும் முழங்கையும் நொறுங்கியிருந்தன. டாக்டர் சர்டிபிகேட்டில் 40 சதவீத ஊனம் என்று இருந்தது. அவர் என்னிடம் சொன்னார்: "கை இருக்கு, சார். கரண்டியைக்கூடப் பிடிச்சுடறேன். அண்டாவை இறக்க முடியலையே."

மாதம் 12,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 1,44,000. அந்த வயதுக்கு மல்டிப்ளையர் 14. மொத்தம் 20,16,000. அதில் 40 சதவீதம் என்றால் 8,06,400 ரூபாய்தான். ஆனால் 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. உடம்பில் எத்தனை சதவீத ஊனம் என்பதோடு நிறுத்தாமல், அந்த மனிதரின் பிழைப்பில் எவ்வளவு போயிற்று என்று பார்க்க வேண்டும். அதே கை ஒரு குமாஸ்தாவுக்குப் போதும். சமையல்காரருக்குப் போதாது.

சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. இல்லாதது சாட்சி. அவருக்குச் சம்பள ரசீது கிடையாது, பாங்க் கணக்கில் வரவு கிடையாது, எல்லாம் கையில் வாங்கிய பணம். சாதாரணக் கூலித் தொழிலாளியின் வருமானத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது எதிர்த்தரப்பு. அவர் சமைத்த வீடுகளைத் தேடிக்கொண்டு மாதுங்கா, செம்பூர், டோம்பிவிலி என்று அலைந்தேன். பதினோரு வீடுகள். எல்லா இடத்திலும் காபி கொடுத்தார்கள், அவருடைய சாம்பாரைப் புகழ்ந்தார்கள். "ஆனா கோர்ட்டுக்கெல்லாம் வேண்டாமே" என்றார்கள். மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற பாங்க் அதிகாரி. பெண்ணின் கல்யாணச் செலவு நோட்டைக் கையோடு கொண்டுவந்தார். புஷ்பத்துக்கு இவ்வளவு, நாதஸ்வரத்துக்கு இவ்வளவு, சமையலுக்கு இவ்வளவு என்று தேதி போட்டு எழுதியிருந்தது. அந்த நோட்டு சாட்சி ஆவணமாக ஏறியது. பிழைப்பில் போனது 80 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. ஒரு மனிதர் அரை நாள் லீவு போடுவது போல வந்து நின்றதில் ஒரு குடும்பம் நிமிர்ந்தது.

அடிபட்டவர்கள் பக்கம் நான் வந்தது இப்படி. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம் வந்ததற்குத் தமிழ்தான் காரணம்.

சில வருஷங்கள் கழித்து, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வேறு வேலையாக நின்றிருந்தபோது, "தமிழ் தெரிந்த வக்கீல் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்கள். தென் மாவட்டத்திலிருந்து வந்து ஓர் இட்லிக் கடையில் வேலை பார்த்த பையன், வயது 20. திருட்டுக் குற்றச்சாட்டு. மராத்தியும் வராது, ஹிந்தியும் வராது. மொழிபெயர்க்கத்தான் போனேன். பேச்சு முடிவதற்குள் அவன் வழக்கே என் கைக்கு வந்துவிட்டது.

அவனுக்கு ஏற்கெனவே ஜாமீன் கிடைத்திருந்தது என்பதுதான் வேடிக்கை. 15,000 ரூபாய்க்கு உள்ளூர் ஜாமீன்தாரர் ஒருவர் வேண்டும் என்று உத்தரவு. மும்பையில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? ஜாமீன் கிடைத்தும் நான்கு மாதம் உள்ளே இருந்தான்.

இந்த இடத்தில் ஒரு பெரியவரை நினைக்காமல் இருக்க முடியாது. பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில் பிறந்து, தலசேரியில் வக்கீல் தொழில் செய்து, உச்ச நீதிமன்ற நீதிபதியான வி.ஆர். கிருஷ்ணய்யர் அவர்கள். 1978-ல் மோதிராம் வழக்கு அவர் முன் வந்தது. ஓர் ஏழைக் கொத்தனார். 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டிருந்தார்கள். ஜாமீன்தாரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கீழ்க் கோர்ட் மறுத்துவிட்டது. கிருஷ்ணய்யர் தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்ததோடு ஒரு கேள்வியும் கேட்டார். ஒரு தமிழனோ மலையாளியோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால், அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு அவன் எங்கே போவான் என்பது அதன் சாரம். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம் எல்லோருக்காகவும் கேட்ட கேள்வி அது.

அந்தத் தீர்ப்பைக் காட்டி, சொந்த ஜாமீனில் விடும்படி மனுப் போட்டேன். பையன் வெளியே வந்தான். இரண்டு வருஷம் கழித்து, அடையாளம் காட்டச் சாட்சி யாரும் இல்லாமல் விடுதலை ஆனான்.

"அவன் நிஜமாகவே திருடியிருந்தால்?" என்று கேட்பீர்கள். தண்டனை கொடுப்பது நீதிபதியின் வேலை. ஆதாரத்தைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. இருவரும் அவரவர் வேலையைச் செய்தால்தான் தண்டனைக்கும் ஒரு மதிப்பு. இன்னாருக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கங்கள் தீர்மானம் போடுவது செல்லாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கோயம்புத்தூரிலிருந்து போன வழக்கு.

இது ஒரு பையன் கதை மட்டும் இல்லை. 2022 டிசம்பர் முடிவில் நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களுக்காக 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிமுறைகள் வகுத்தது. ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறை அதிகாரி மாவட்டச் சட்டப்பணி ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் ஜாமீன்தாரர் என்ற நிபந்தனையால் தாமதமானால், அதை விதிக்காமல் இருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும். தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

இனி அங்கத்தினர்களுக்குச் சில வார்த்தைகள்.

சாலையில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் பயப்படாதீர்கள். உதவி செய்தவர் தம் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. 2016-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி செய்தது. பிறகு மோட்டார் வாகனச் சட்டத்திலும் சேர்ந்துவிட்டது. மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு.

நஷ்டஈட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். அந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் நடந்திருக்கின்றன. அதை நம்பி நாம் காலம் கடத்த வேண்டாம்.

நம் அகத்தில் சமைப்பவர், வண்டி ஓட்டுபவர், வைதிகர் யாராக இருந்தாலும் பணத்தைப் பாங்க் மூலம் கொடுங்கள். அல்லது ஒரு நோட்டிலாவது எழுதி வையுங்கள். நாளை அவர்களுக்கு அதுவே ஆதாரம். அகத்தில் உழைக்கும் மாமிகளுக்கும் ஒரு வார்த்தை. சம்பளம் இல்லாத அந்த வேலைக்கும் பண மதிப்பு உண்டென்று 2021-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்திருக்கிறது.

காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், உடல் ஊனமுற்றவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் ஒரு சின்ன ஜாபிதா தயார் செய்யுங்கள். தமிழும் உள்ளூர் பாஷையும் தெரிந்து, கோர்ட்டில் மொழிபெயர்க்க வரக்கூடியவர் யார்? தெரிந்தவருக்காகச் சாட்சி சொல்ல வரத் தயங்காதவர் யார்? நன்றாக அறிந்த ஒருவருக்கு ஜாமீன்தாரராக நிற்கக்கூடியவர் யார்? ஜாமீன் என்றால் நாம் ஜெயிலுக்குப் போவதில்லை. அவர் ஓடிவிட்டால் எழுதிக்கொடுத்த தொகை நம்மைச் சேரும், அவ்வளவுதான். ஆகவே தெரிந்தவருக்கு மட்டும் நில்லுங்கள். ஆனால் தெரிந்தவருக்கு அவசியம் நில்லுங்கள். ஊருக்கு ஐந்து பெயர் போதும். ஜாதி, ஊர் பார்க்க வேண்டாம். இட்லிக் கடைப் பையன் நம் உறவு இல்லை. நம் பாஷை பேசினான், அது போதுமானதாக இருந்தது.

மும்பைக் கிளையின் ஜாபிதாவில் முதல் பெயராக என்னுடையதை எழுதிக்கொள்ளலாம்.