செங்கல்பட்டில் 1929-ல் போட்ட தீர்மானம் உங்க வீட்டுக்கு வந்துடுச்சா?

(மாமல்லபுரம் தெருமுனைக் கூட்டத்தில் ஐ.டி. அணி சார்பில் பேசியது)



1929 பிப்ரவரி 17, 18. தந்தை பெரியார் கூட்டிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு நம்ம செங்கல்பட்டில்தான் நடந்தது. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை. விதவை மறுமணம், மணவிலக்கு உரிமை, பெண்ணுக்குத் திருமண வயது 16, ஆணுக்குச் சமமா பெண்ணுக்கும் சொத்துரிமை... எல்லாம் அங்கே நிறைவேறிய தீர்மானங்கள்.

அந்தச் சொத்துரிமை சட்டமாக 60 வருஷம் ஆச்சு. 1989-ல் கலைஞர் ஆட்சி, இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு கொடுத்தது. அதுக்கு முன்னாடி கல்யாணமானவங்களுக்கு மட்டும் கிடைக்கல. 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது. 2005-க்கு முன்பே அப்பா இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டுன்னு 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

சட்டம் வந்தாச்சு. வீட்டுக்குள்ள வந்துச்சா?

ஈ.சி.ஆர். ஓரம் நிலத்து விலை எங்கேயோ போயிடுச்சு. விக்கணும்னா அக்கா, தங்கச்சி கையெழுத்து வேணும். உடனே ஒரு விடுதலைப் பத்திரம் தயாராகுது. "நகை போட்டோம், சீர் செஞ்சோம், இன்னும் என்ன?" கையெழுத்து போடலைன்னா பொங்கல் சீர் நிக்கும், பிள்ளைக்குக் காது குத்த தாய்மாமன் மடி கிடைக்காது. பிறந்த வீடு போயிடுமோங்கற பயத்துலயே பல பேர் படிச்சுப் பார்க்காம கையெழுத்து போடுறாங்க.

தாய்மாமன் சீர் நல்ல வழக்கம். அதை யாரும் விடச் சொல்லல. ஆனா சீர் என்பது பாசம். பங்கு என்பது உரிமை. பாசத்தைக் காட்டி உரிமையை எழுதி வாங்கக் கூடாது.

அக்கா, மனசார விட்டுக்கொடுத்தா அது உங்க முடிவு. ஆனா எவ்வளவு நிலம், என்ன மதிப்புன்னு தெரிஞ்சு கொடுங்க. பட்டா, வில்லங்கச் சான்று பாருங்க. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையை 2005 திருத்தம் மாத்தாது, அதையும் விசாரிங்க. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவா இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

தம்பிங்களே, மகளிர் தினத்துக்கு போஸ்டர் ஷேர் பண்றோம். நல்லது. நாளைக்கு உங்க வீட்டில் பத்திரம் எழுதும்போது, "அக்கா பங்கு எங்கே?"ன்னு முதல்ல கேக்குற குரல் உங்களோடதா இருக்கட்டும். செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கு நாம செய்யவேண்டிய மரியாதை அதுதான்.



#செங்கல்பட்டு1929 #பெண்ணுக்கும்பங்கு