வேலைக்கு முன் ஒரு விசாரணை
(மட்டாஞ்சேரியில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

காரியதரிசி எனக்குப் பதினைந்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார். ஆகையால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய நாளில் ஜூ டவுன் மிளகு வியாபாரிக்குக் கணக்கெழுத ஆள் வேண்டுமென்றால், பையன் யார் அகத்துப் பிள்ளை என்று நாலு பேரிடம் கேட்பார். கல்யாணத்துக்கும் வேலைக்கும் ஒரே விசாரணைதான்! யார் என்ன சொன்னார்கள் என்பதும் சாயங்காலத்துக்குள் நம் காதுக்கு வந்துவிடும். இன்று காக்கநாடு இன்ஃபோபார்க்கில் சேருகிற குழந்தையைப் பற்றி, எங்கோ இருக்கும் ஒரு ஏஜென்ஸி டிகிரி, பழைய சம்பளம், விலாசம், போலீஸ் கேஸ் எல்லாம் பார்க்கிறது. என்ன எழுதினார்கள் என்பது மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

இதில் நம்மை உறங்கவிடாத கட்டம், 'உங்கள் மேல் கேஸ் உண்டா' என்பது. கேரளத்தில் காலேஜில் படித்த பையன் ஒரு முறையாவது ஊர்வலத்தில் போயிருப்பான். வழி மறித்ததாக ஒரு கேஸ், கொஞ்சம் அபராதம், அதோடு மறந்தும் போயிருப்பான். படிவம் வந்ததும் வீட்டில் உபதேசம்: 'எழுதாதே, யார் பார்க்கப் போகிறார்கள்?' முப்பது வருஷம் பர்ஸனல் டிபார்ட்மெண்டில் இருந்தவன் சொல்கிறேன். கேஸ் இருந்ததால் வேலை போனவர்களை விட, மறைத்ததால் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நம் மாநிலத்து வழக்கு ஒன்று உண்டு. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் கிளார்க் வேலைக்குத் தேர்வானவர் டி.எஸ். வாசுதேவன் நாயர். எமர்ஜென்ஸி காலத்தில் கோஷம் போட்டதற்காக, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் தண்டனை பெற்றவர். அதைத் தெரிவிக்கவில்லை என்று நியமனத்தை ரத்து செய்தார்கள். 1988-ல் சுப்ரீம் கோர்ட், அந்த ஒரே காரணத்துக்காக வேலை மறுத்தது நியாயமில்லை என்று சொல்லி, அவரை நியமிக்க உத்தரவிட்டது. நல்ல தீர்ப்புதான். ஆனால் டெல்லி வரை போய்த்தான் ஒரு கிளார்க் வேலை கிடைத்தது என்பதையும் கவனியுங்கள்.

அதற்கு முன்பே, 1983-ல், மத்தியப் பிரதேசத்து ஆசிரியர் ஒருவரை அவருடைய அரசியல் ஈடுபாட்டைப் பற்றிய போலீஸ் ரிப்போர்ட்டை வைத்து நீக்கியது தவறு என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி கடுமையாகவே எழுதியிருக்கிறார்.

இந்த விஷயத்தில் இன்று எல்லோரும் எடுத்துக்காட்டுவது 2016 ஜூலையில் மூன்று நீதிபதிகள் சொன்ன அவதார் சிங் தீர்ப்பு. அரசு வேலைக்கானது. உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும், அதில் தளர்வு இல்லை. ஆனால் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். மொட்டையாகக் கேட்டுவிட்டு, கேட்காததைச் சொல்லவில்லை என்று மறைத்த குற்றம் சுமத்த முடியாது. தனக்கே தெரியாத கேஸை மறைத்தான் என்றும் சொல்ல முடியாது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை விஷயமாக இருந்தால், மறைத்திருந்தாலும் அதிகாரி மன்னித்துவிட இடம் உண்டு. வேலையில் ஸ்திரமானவரை விசாரணை நடத்தாமல் நீக்கக்கூடாது. பதினெட்டு வயதுக்கு முன் நடந்ததற்கு 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டமே பாதுகாப்பு தருகிறது (கொடூரக் குற்றத்தில், பதினாறு கடந்தவர்களுக்கு விலக்கு உண்டு).

பிரைவேட் கம்பெனியில் இந்த அளவு பிடிமானம் கிடையாது. அங்கே நமக்கு ஆதாரம் கையெழுத்துப் போட்ட காகிதம்தான். ஏஜென்ஸிக்கான சம்மதக் கடிதத்தை யாருமே படிப்பதில்லை. எதைப் பார்க்கப் போகிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். கேட்டதற்காக வேலை போய்விடாது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான பிரிவுகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. அதன்பின் சம்மதம் கேட்கும்போது, என்ன விவரம், எதற்காக என்று நோட்டீஸ் தர வேண்டும். நாம் விரும்பினால் அதைத் தமிழிலோ மலையாளத்திலோ படிக்கவும் வழி செய்ய வேண்டும். சம்மதித்துக் கொடுத்த விவரத்தில் தப்பிருந்தால் திருத்தச் சொல்லலாம். ஆனால் வேலை சம்பந்தமான காரியங்களுக்கும், நஷ்டத்திலிருந்து நிறுவனத்தைக் காப்பதற்கும் சம்மதமில்லாமலே விவரத்தைப் பயன்படுத்த அதே சட்டம் வழியும் வைத்திருக்கிறது. சட்டம் எழுதுகிறவர்களும் முதலாளிகள்தானே!

ரிப்போர்ட் பாதகமாக வந்ததாகச் சொன்னால், போனில் வாதாட வேண்டாம். எந்தக் கட்டத்தில் என்ன முரண்பாடு என்று ஈமெயிலில் கேளுங்கள். பாதித் தகராறு இனிஷியலில்தான் இருக்கும். நம்மவர்களுக்கு ஊர்ப்பெயர், அப்பா பெயர், தன் பெயர் என்று சர்டிபிகேட்டில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் வேறு விதம். பெயர் ஒத்துப்போகவில்லை என்று அவர்கள் எழுதினால், அந்த இரண்டு பேரும் ஒருவரே என்று காட்டும் அஃபிடவிட் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். ஆதார் நகல் கேட்டால், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைப்பு நகலே பெரும்பாலும் போதும்.

போலீஸ் சான்றிதழுக்கு நம் கேரளாவில் இரண்டு வழி. உள்ளூர் வேலைக்கு, குற்றங்களில் சம்பந்தமில்லை என்ற சான்றிதழைக் கேரள போலீஸில் ஆன்லைனில் கேட்கலாம். வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் ஆபீஸைத்தான் அணுக வேண்டும். கல்ஃபுக்குப் போகும் குழந்தைகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு வாரத்தை வீணாக்குகிறார்கள்.

படிவம் கையில் வைத்திருப்பவர்கள் காபிக்குப் பிறகு என்னிடம் காட்டலாம்.