மெதூஸ் கப்பல் புகட்டும் பாடம்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

பதவி என்பது பரிசாக வழங்கத்தக்கதன்று. தகுதி நோக்கி ஒப்புவிக்கத்தக்கது. இதற்குச் சான்றாக, பிரெஞ்சு தேசத்துப் பாய்க்கப்பல் ஒன்றின் சரித்திரத்தை இன்று எடுத்துரைக்கப் புகுந்தோம்.

'மெதூஸ்' என்னும் யுத்தக்கப்பல் 1810-ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே ஜாவாத் தீவு வரை சென்று பழுதின்றி மீண்டது. எனவே கப்பலில் குறையில்லை என்பதை முதற்கண் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

1815-இல் நெப்போலியன் வீழ்ந்தபின், பதினெட்டாம் லூயி மன்னர் மீண்டும் அரியணை ஏறினார். ஆங்கிலேயர் திருப்பித்தர இசைந்த செனகாலுக்குப் புதிய கவர்னரையும் படையினரையும் கொண்டுசெல்ல, 1816-இல் மெதூஸ் புறப்பட்டது. அதில் சுமார் 400 பேர் இருந்தனர். தலைவராக நியமனம் பெற்றவர் ஷோமரே என்னும் பிரபு. அவர் கப்பலோட்டி இருபது ஆண்டுகளுக்கு மேலாயிருந்தன. ஆயினும் உயர்குலமும் ராஜவிசுவாசமுமே போதுமெனக் கருதப்பட்டன.

அவரோ அனுபவமுள்ள அதிகாரிகளின் எச்சரிக்கையை அலட்சியம் செய்து, பிரயாணி ஒருவரின் சொல்லை நம்பினார். ஜூலை 2-ஆம் நாள், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை அடுத்த ஆர்கென் மணல்திட்டில் கப்பல் தட்டிற்று. பீரங்கிகளைக் கடலில் எறிந்து பாரம் குறைக்கவும் அவர் இசையவில்லை.

படகுகள் எல்லோருக்கும் போதவில்லை. ஆகவே மரங்களைப் பிணைத்துத் தெப்பம் ஒன்று கட்டி, 147 பேரை அதில் ஏற்றினர். படகுகள் இழுத்துச் செல்லும் என்று வாக்களித்தனர். சிறிது தூரத்திலேயே கயிறு கைவிடப்பட்டது! தலைவரோ படகிலிருந்தார். தெப்பத்தில் இருந்தோர் பசியாலும் தாகத்தாலும் கலகத்தாலும் மாண்டனர். எஞ்சியோர் மனித மாமிசம் உண்ணும் நிலைக்கும் தள்ளப்பட்டனர். பதின்மூன்று நாட்களுக்குப்பின், ஜூலை 17-இல், 'ஆர்கஸ்' கப்பல் கண்டபோது உயிரோடிருந்தவர் 15 பேரே. அவர்களிலும் ஐவர் விரைவில் இறந்தனர்.

1817-இல் ராணுவ நீதிமன்றம் ஷோமரேக்கு விதித்தது மூன்றாண்டுச் சிறைவாசம் மட்டுமே. ஆயினும் உண்மை மறையவில்லை. தப்பிய வைத்தியர் சாவிஞியும் பொறியாளர் கொரேயாரும் அவ்வாண்டிலேயே நூல் வெளியிட்டனர். 1819-இல் ஷெரிக்கோ தீட்டிய பெருஞ்சித்திரம் இன்றும் பாரிஸ் நகரத்து லூவர் காட்சிசாலையில் அத்தெப்பத்தைக் காட்டி நிற்கிறது.

அன்பர்களே! நியமித்தவர்கள் கடலுக்குப் போகவில்லை, போனவர்களே மாண்டார்கள். ஒருவரிடம் பொறுப்பை ஒப்புவிக்குமுன், "இவர் யாருடைய மைந்தர்?" என்று கேளாது, "இவருக்கு இவ்வேலை தெரியுமா?" என்று கேட்போமாக.